பீங்கான் பல்லும் கல்கத்தா சோடாக் கடையும்

வெளிநாட்டிலோ வெளிமாநிலத்திலோ இருக்கிற நம்ம ஆட்கள் லீவுக்கு ஊருக்குப் போகும்போது கையில் ஒரு பட்டியல் இருக்கும். குலதெய்வம் கோயில், ஒன்றிரண்டு கல்யாணம், பேங்க் வேலை, அப்பா அம்மாவுக்கு ஒரு செக்கப். சமீப வருஷங்களில் அதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: பல். "அங்கே ஒரு கேப் போடுற காசுக்கு இங்கே வந்துட்டுப் போற டிக்கெட்டே எடுத்துடலாம்" என்று கணக்குச் சொல்கிறவர்கள் உண்டு. ரூட் கேனால் முடிந்து, நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும்போதுதான் அந்தக் கேள்வி வரும்: "மெட்டல் போடலாமா, மெட்டல் மேல செராமிக்கா, ஃபுல் செராமிக்கா, ஜிர்கோனியாவா?" சரவண பவன் சர்வர் டிபன் ஐட்டம் ஒப்பிக்கிற மாதிரி நாலு பெயர், நாலு விலை. வாயில் பஞ்சு இருப்பதால் பதிலும் சொல்ல முடியாது :-)

எது நல்லது என்று என்னிடமும் சிலர் கேட்டிருக்கிறார்கள். நான் பல் டாக்டர் இல்லை. ஆனால் பிழைக்க வந்து சேர்ந்திருக்கிற ஊர் கொல்கத்தா. இந்தியாவில் பல் வைத்தியத்தை ஒரு படிப்பாகச் சொல்லித்தர முதல் காலேஜ் தொடங்கியது இந்த ஊரில்தான். பட்டம் எதுவும் இல்லாமல், அப்பாவிடமிருந்து மகன் கற்றுக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகப் பல் கட்டிய சீனக் குடும்பங்கள் வாழ்ந்ததும் இதே ஊரில்தான். அதனால் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் சரித்திரத்தோடு பார்க்கலாம் என்று தோன்றியது. நாலு பெயர்களும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால், எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி கல்கத்தாவில் இருக்கிறது.

(இந்த ஊரின் பெயர் 2001இல்தான் கொல்கத்தா ஆனது. பழைய கதைக்குக் கல்கத்தா என்றே எழுதுகிறேன்.)

செத்தவன் பல், நீர்யானைத் தந்தம்

பீங்கான் வருவதற்கு முன்னால் ஐரோப்பாவில் பொய்ப்பல் எதில் செய்தார்கள் என்று கேட்டால் சாப்பாடு இறங்காது. யானைத் தந்தம், நீர்யானைத் தந்தம், மாட்டுப் பல், பிறகு மனிதப் பல். 1815இல் வாட்டர்லூ போர் முடிந்ததும் களத்தில் கிடந்த இளைஞர்களின் பற்களைப் பிடுங்கி விற்றார்கள். 'வாட்டர்லூ பற்கள்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஜார்ஜ் வாஷிங்டன் மரப்பல் கட்டியிருந்தார் என்று பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டிருப்போம். அது கட்டுக்கதை. அவருடைய பல்செட்டுகளில் இருந்தவை தந்தமும் மனிதப் பற்களும் ஈயமும்.

தந்தத்துக்கு ஒரு பெரிய குறை. அது ஒரு காலத்தில் உயிருள்ள பொருள். எச்சிலில் ஊறும், மஞ்சளாகும், கறுக்கும், கடைசியில் நாறும். பாரிசுக்குப் பக்கத்தில் சான் ஜெர்மேன் ஆன் லே என்ற ஊரில் அலெக்சி துஷாத்தோ என்று ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். தன் தந்தப் பல்செட்டின் நாற்றம் பொறுக்க முடியாமல், 1774 வாக்கில் ஒரு பீங்கான் தொழிற்சாலையை அணுகி, "இதே அளவில் பீங்கானில் செய்து கொடுங்கள்" என்று கேட்டார். மருந்துச் சாடி பீங்கானில் இருக்கிறது, எத்தனை வருஷமானாலும் நாற்றம் பிடிப்பதில்லை, பல்லும் அதில் இருந்தால் என்ன என்ற எளிமையான யோசனை.

யோசனை எளிது, வேலை எளிதாக இல்லை. களிமண் சாமான் எதுவானாலும் சூளையில் சுட்டால் சுருங்கும். குடம் அரை விரல்கடை சுருங்கினால் யாருக்கும் தெரியாது. பல்செட் ஒரு நூல் சுருங்கினாலே வாயில் உட்காராது. துஷாத்தோ பலமுறை தோற்றார். அவருக்கு உதவிய நிக்கோலா துபுவா த ஷெமான் என்ற பல் வைத்தியர் அந்தக் கலையைத் தேற்றி, பெயரையும் வாங்கிக்கொண்டார். பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் லண்டனுக்கு ஓடினார். 1791இல் அங்கே காப்புரிமை பெற்றார். பீங்கான் பாத்திரத்துக்குப் பேர்போன வெட்ஜ்வுட் நிறுவனத்திடம் மாவு வாங்கிப் பல் செய்தார். 1811இல் ரோலண்ட்சன் என்ற ஓவியர் இந்தப் பீங்கான் பல்லைக் கிண்டல் செய்து ஒரு கேலிச்சித்திரம் போட்டார். வாய் நிறைய ஒரே வெள்ளை, பார்த்தாலே பொய் என்று தெரிகிற வெள்ளை. "கேப் போட்டது தெரியக் கூடாதுங்க டாக்டர்" என்று இன்றைக்கு நாம் கெஞ்சுவது அன்றைக்கே தொடங்கிவிட்டது.

1808இல் பாரிசில் ஃபோன்சி என்ற இத்தாலியர் ஒவ்வொரு பல்லையும் தனித்தனியாகப் பீங்கானில் செய்து, பின்பக்கம் பிளாட்டினக் கொக்கி வைத்தார். அதுவரை தட்டு மாதிரி ஒரே துண்டாக இருந்தது. இனி வேண்டிய இடத்தில் வேண்டிய பல்லை வைக்கலாம் என்றானது.

பல்லுக்கு ஒரு சட்டை

இதெல்லாம் இல்லாத பல்லுக்கு மாற்று. இருக்கிற பல்லின் மேல் பீங்கானைப் போர்த்துவது வேறு வித்தை. அதைச் செய்து காட்டியவர் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துப் பல் வைத்தியர் சார்லஸ் லேண்ட். 1880களின் கடைசியில் காப்புரிமை வாங்கினார். (1927இல் தனியாளாக அட்லாண்டிக்கை விமானத்தில் தாண்டிய சார்லஸ் லிண்ட்பெர்க் இவருடைய மகள் வயிற்றுப் பேரன்.)

அவர் செய்தது இதுதான். சேதமான பல்லைச் சுற்றிலும் சீவி ஒரு முளை மாதிரி ஆக்குவது. அதன் மேல் மெல்லிய பிளாட்டினத் தகட்டை அழுத்தி அச்சு எடுப்பது. அந்தத் தகட்டின் மேல் பீங்கான் மாவைத் தூரிகையால் அடுக்கடுக்காகத் தடவி உலையில் சுடுவது. சுட்டபின் தகட்டை உரித்துவிட்டால் பல்லுக்குச் சட்டை தைத்த மாதிரி ஒரு மூடி. அதனால்தான் அதற்கு ஜாக்கெட் கிரவுன் என்று பெயர்.

அழகில் குறை சொல்ல முடியாது. வெளிச்சம் உள்ளே போய்ச் சிதறி வரும், நிஜப் பல் மாதிரியே. ஆனால் உடையும். பீங்கான் கப்பின் மேல் ஒரு கனமான புத்தகத்தை வையுங்கள், தாங்கும். அதே கப்பின் விளிம்பை நெம்பினால் 'டக்'கென்று பிளந்துவிடும். அமுக்கினால் பலசாலி, இழுத்தால் நோஞ்சான். வாயில் இரண்டும் நடக்கும். முன்பல்லில் ஓரளவு நின்ற ஜாக்கெட் கிரவுன், முறுக்கும் சீடையும் கடிக்கிற கடைவாயில் நிற்கவில்லை. அங்கே தங்கம்தான். நம்ம தாத்தாக்கள் சிரித்தால் மின்னிய தங்கப்பல் பகட்டுக்காக மட்டும் போட்டதில்லை. உடையாத பொருள் அன்றைக்கு உலோகம்தான்.

இந்த இடத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பல் மாதிரி தெரிவது உடைகிறது, உடையாதது பல் மாதிரி தெரிவதில்லை. பின்னால் வந்த நூறு வருஷமும் இந்த ஒரு சண்டையைத் தீர்க்கத்தான்.

சீனாக்காரர் பல் ஆஸ்பத்திரி

லேண்டின் சட்டை அமெரிக்காவில் தைக்கப்பட்ட நாட்களில் இந்தியாவில் என்ன நிலைமை? பெரிய நகரங்களில் வெள்ளைக்காரர்களுக்கு வெள்ளைக்கார டென்டிஸ்டுகள். மற்றவர்களுக்கு நாவிதர், சந்தையில் கடை விரித்துப் பல் பிடுங்குகிறவர், அல்லது வேப்பங்குச்சியும் விதியும். முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் கப்பல் ஏற வேண்டும். கற்றுக்கொடுக்க ஒரு இடம் இல்லை.

அந்த இடைவெளியில் புகுந்தவர்கள் சீனர்கள். கல்கத்தாவுக்குச் சீனர் வந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில். டாங் அச்சு என்பவர் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் வாங்கி ஹூக்ளிக் கரையில் சர்க்கரை ஆலை வைத்தார். அந்த ஊர் இன்றும் அச்சிப்பூர். பிறகு வந்தவர்கள் டிரெட்டி பஜார் பக்கம் குடியேறினார்கள். ஊர் வாரியாகத் தொழிலைப் பிரித்துக்கொண்டார்கள் என்பதுதான் வேடிக்கை. ஹக்கா சீனர்கள் தோல் பதனிட்டார்கள், செருப்பு தைத்தார்கள். கான்டன்காரர்கள் தச்சு வேலை. ஹூபே மாகாணத்துக்காரர்கள் பல் வைத்தியம், கூடவே காகிதப் பூ! நம்ம ஊரில் இன்ன ஊர்க்காரர் என்றால் மளிகை, இன்ன ஊர்க்காரர் என்றால் பாத்திரக்கடை என்று சொல்வதில்லையா, அது மாதிரி.

காகிதப் பூவும் பல்லும் எப்படிச் சேரும் என்று சிரிக்கலாம். யோசித்தால் இரண்டுக்கும் வேண்டியது ஒன்றுதான், நுணுக்கமான விரல். அந்தக் காலத்துப் பல் வைத்தியத்தில் பாதிக்கு மேல் கைவேலை. அளவெடுப்பது, மெழுகில் செதுக்குவது, வார்ப்பது, ராவி ராவி வாயில் பொருத்துவது. கடையின் முன்பக்கம் நாற்காலி, பின்பக்கம் பட்டறை. பல் சரியாக உட்காரவில்லை என்றால் எழுந்து பின்னால் போய்த் தேய்த்துக்கொண்டு வந்து மறுபடி போட்டுப் பார்க்கலாம். இந்தக் குடும்பங்கள் கல்கத்தாவிலிருந்து மற்ற நகரங்களுக்கும் பரவின. சென்னையில் ஈவினிங் பஜார் பக்கம் போனவர்களுக்குச் சீனப் பெயர் போட்ட பல் கிளினிக்குகள் ஞாபகம் இருக்கும். "சீனாக்காரர் கட்டின பல்செட்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட பெரியவர்களும் உண்டு.

1962 போர் இந்தச் சமூகத்தைப் புரட்டிப் போட்டது. இந்தியச் சீனர்கள் ஆயிரக்கணக்கில் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். வெளியே வந்தவர்களில் பலர் நாட்டைவிட்டே போனார்கள். டொராண்டோவில் இன்று கல்கத்தா பாணி ஹக்கா சாப்பாடு கிடைப்பது அதனால்தான். இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்த ஊரில் ஒரே நாளில் அந்நியன் ஆவது என்றால் என்ன என்று, வெளியூரில் வாழ்கிற நமக்குப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

சோடாவும் ஐஸ்கிரீமும் கட்டிய காலேஜ்

இனி மறுபக்கம். ரஃபியுத்தீன் அகமது, கிழக்கு வங்காளத்தில் 1890 டிசம்பர் 24இல் பிறந்தவர். அலிகரில் படித்துவிட்டு 1909இல் அமெரிக்கா போனார். அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்து 1915இல் பட்டம் வாங்கினார். அப்புறம் பாஸ்டனில் குழந்தைகளுக்கான ஃபோர்சைத் பல் மருத்துவமனையில் வேலை. ஏழைக் குழந்தைகளின் பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றுவதற்கென்றே தொடங்கிய இடம் அது. அங்கேயே தங்கியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1919இல் திரும்பி வந்தார்.

வந்து 1920இல் கல்கத்தாவில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி தொடங்கினார். இந்தியாவின் முதல் கல்லூரி. காசு? சர்க்கார் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் பார்த்த ஒரு வியாபாரத்தை இங்கே தொடங்கினார். கடையின் பெயர் 'நியூயார்க் சோடா ஃபவுன்டன்'. இனிப்புச் சோடாவும் ஐஸ்கிரீமும் விற்கிற கடை. அந்த வருமானம் காலேஜை ஓட்டியது. ஒரு பக்கம் பல்லைச் சொத்தையாக்கும் சரக்கு, மறுபக்கம் சொத்தையை அடைக்கும் படிப்பு. கல்கத்தாவில்தான் இப்படி நடக்கும் :-) ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருப்பதை நினைத்துப் பாருங்கள். கேட்க ஆளில்லாத ஒரு படிப்புக்காக ஒரு மனுஷன் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

முகமது அலி ஜின்னாவின் தங்கை ஃபாத்திமா ஜின்னா அங்கே படித்தவர்தான். 1923இல் பம்பாயில் சொந்தமாகப் பல் கிளினிக் திறந்தார். 1925இல் அகமது பல் மருத்துவத்துக்கென்று ஒரு இதழ் தொடங்கினார். 1928இல் மாணவர்களுக்குச் சிகிச்சை முறைக் கையேடு எழுதினார். பம்பாயிலும் லாகூரிலும் பல் கல்லூரி வந்தது 1930களில்தான். நம்ம சென்னையில் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவம் தொடங்கியது 1953இல். கல்கத்தா எவ்வளவு முந்திக்கொண்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

காலேஜ் மட்டும் போதாது, யார் பல்லில் கை வைக்கலாம் என்பதற்கு ஒரு விதி வேண்டும் என்று அகமது நினைத்தார். 1939இல் வங்காளத்தில் ஒரு சட்டம் வரக் காரணமாக இருந்தார். 1948இல் நாடு முழுவதுக்குமாக டென்டிஸ்ட்ஸ் சட்டம் வந்தது. பெயரைப் பதிவு செய்யாமல் தொழில் செய்யக் கூடாது என்பது அதன் சாரம். இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. அந்தப் பதிவேட்டில் இரண்டு பகுதிகள். ஒன்று பட்டம் வாங்கியவர்களுக்கு. இன்னொன்று பட்டம் இல்லாமலே குறைந்தது ஐந்து வருஷம் இதையே பிழைப்பாகச் செய்துவந்தவர்களுக்கு. கைத்தொழிலாகக் கற்ற பழைய தலைமுறையை அடித்து விரட்டாமல், அவர்களோடு அந்தக் கதவை மூடுகிற ஏற்பாடு. நியாயமா என்று கேட்டால், அந்தக் கதவுக்கு வெளியே நின்றுவிட்ட கைகளுக்கு அது நியாயமாகத் தெரிந்திருக்காது. கிருமி நீக்காத இடுக்கியால் பல் பிடுங்கிச் சீழ் பிடித்த வாய்களைப் பார்த்தவர்களுக்கு நியாயமாகவே தெரிந்திருக்கும். (2023இல் நாடாளுமன்றம் இதற்குப் பதிலாக தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது.)

1949இல் அகமது தன் காலேஜை மேற்கு வங்காள அரசுக்கே கொடுத்துவிட்டார். பி.சி.ராய் மந்திரிசபையில் வேளாண்மை அமைச்சராகவும் இருந்தார். 1964இல் பத்மபூஷண், 1965இல் மறைவு. காலேஜ் இப்போது அவர் பெயரில், சீல்டா ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஏ.ஜே.சி. போஸ் ரோட்டில் இருக்கிறது. அவர் பிறந்த டிசம்பர் 24ஐத்தான் இந்தியாவில் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

சண்டை எப்படித் தீர்ந்தது?

சரி, அழகுக்கும் பலத்துக்கும் நடந்த சண்டைக்குத் திரும்புவோம்.

முதல் சமாதானம் 1962இல். உலோகத்தின் மேல் பீங்கானை ஒட்டவைத்தால் உள்ளே பலம், வெளியே அழகு. ஆனால் சூடேறும்போது இரண்டும் வேறுவேறு அளவில் விரியும், ஆறும்போது வேறுவேறு அளவில் சுருங்கும், பீங்கான் வெடித்துவிடும். வெயின்ஸ்டீன் என்ற அமெரிக்கரும் கூட்டாளிகளும் லூசைட் என்ற கனிமம் அதிகமுள்ள பீங்கானைக் கலந்து, தங்கக் கலவையோடு ஒத்து விரியும்படி செய்து காப்புரிமை வாங்கினார்கள். 'மெட்டல் செராமிக்' என்று டாக்டர் சொல்வது இதைத்தான். பல வருஷங்களுக்குக் கேப் என்றால் இதுதான். குறை இரண்டு. உள்ளே உலோகம் வெளிச்சத்தைத் தடுப்பதால் பல்லில் உயிர் இருக்காது. ஈறு கொஞ்சம் இறங்கினால் ஓரத்தில் சாம்பல் கோடு எட்டிப் பார்க்கும்.

இரண்டாவது வழி, பீங்கானையே பலமாக்குவது. 1965இல் இங்கிலாந்தின் மெக்லீன், ஹ்யூஸ் இருவரும் அலுமினாத் துகள் கலந்து பார்த்தார்கள். நல்ல முன்னேற்றம், ஆனால் கடைவாய்க்குப் போதவில்லை. பிறகு லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிச் செராமிக் வந்தது. பழைய பீங்கானை வளைத்தால் தாங்குவது 100 மெகாபாஸ்கலுக்குள். இது 400 வாக்கில் தாங்கும். பார்க்கவும் நிஜப் பல்.

மூன்றாவது ஜிர்கோனியா. இதன் கதை நமக்கு ரொம்பப் பக்கத்தில் தொடங்குகிறது. 1789இல் பெர்லினில் கிளாப்ரோத் என்ற வேதியியலாளர் ஒரு கல்லை ஆராய்ந்து ஜிர்கோனியம் என்ற தனிமம் இருப்பதைக் கண்டார். அந்தக் கல் போனது இலங்கையிலிருந்து. மாத்தறைப் பக்கம் கிடைக்கும் நிறமில்லாத ஜிர்கானை 'மாத்தறை வைரம்' என்றே விற்றிருக்கிறார்கள். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் இதே ஜிர்கான் உண்டு. ஐ.ஆர்.இ.எல். ஆலை பிரித்தெடுக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் பீங்கான் பல்லோடு மல்லுக்கட்டிய அதே நாட்களில், அதைத் தூக்கிச் சாப்பிடப் போகிற பொருளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பல்லில் வர இருநூறு வருஷம் ஆனது.

1975இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் மூன்று பேர் ஜிர்கோனியாவைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பு 'செராமிக் எஃகா?' என்று அர்த்தம் வரும். காரணம் இதன் விசித்திர குணம். விரிசல் விழ ஆரம்பித்தால், விரிசல் முனையில் இருக்கும் படிகங்கள் உருமாறிச் சற்றே பருத்து, விரிசலை நெருக்கி நிறுத்திவிடும். இதன் பலம் 1000 மெகாபாஸ்கலைச் சுற்றி. கெட்டியாகச் சுட்டபின் கடைவது பெரும்பாடு என்பதால், சாக்பீஸ் மாதிரி மெத்தென்ற நிலையிலேயே கம்ப்யூட்டர் மெஷினில் கடைந்துவிட்டு அப்புறம் சுடுகிறார்கள். சுட்டால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். கம்ப்யூட்டர் அதை முன்பே கணக்குப் போட்டுப் பெரிதாகக் கடைகிறது. துஷாத்தோ பாவம், இந்த ஒரு கணக்குத்தான் அவருக்கு வரவில்லை!

சண்டை முழுசாகத் தீர்ந்ததா என்றால் இல்லை. முதலில் வந்த ஜிர்கோனியா சுண்ணாம்பு வெள்ளை. வெளிச்சம் ஊடுருவும்படி மாற்றிய புது வகைகளில் பலம் குறைகிறது. பழைய தராசு அப்படியே ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்போ எதைப் போடுவது?

சரித்திரம் படித்த தைரியத்தில் நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முடிவு உங்கள் டாக்டரோடு.

முன்பல் என்றால் கண்ணாடிச் செராமிக்கோ, வெளிச்சம் ஊடுருவும் ஜிர்கோனியாவோ அழகு. கடைவாய் என்றால் ஒரே கட்டியாகக் கடைந்த ஜிர்கோனியா. மேலே வேறு பீங்கான் பூசியதில் அந்தப் பூச்சு சிம்பு சிம்பாகப் பெயரலாம். நல்ல லேபில் செய்த மெட்டல் செராமிக் இன்றும் மோசமில்லை. யாரும் பார்க்காத கடைசிப் பல்லில் தங்கமே போட்டால்கூட டாக்டர் சிரிக்க மாட்டார், மெச்சுவார். இங்கே கொல்கத்தாவில் மீன் தலையை எலும்போடு மென்று ரசிக்கிறார்கள். நாம் முருங்கைக்காயோடு நிறுத்திக்கொள்கிறோம். வாய்க்குத் தகுந்த பொருள்தான் நல்ல பொருள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை என்று ஒரு சின்னப் பட்டியல்:

1. இந்தப் பல்லுக்குக் கேப் கட்டாயம் வேண்டுமா, அடைத்தால் போதாதா? சீவிய பல் திரும்ப வளராது. கல்யாணத்துக்கு வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று நல்ல பற்களைச் சீவக் கொடுப்பதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது.

2. ஈறுக்கு மேலே நல்ல பல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? கேப் பிடித்துக்கொள்வது அதைத்தான். அது இல்லாவிட்டால் எந்த விலை உயர்ந்த பொருளும் கழன்று கையோடு வரும்.

3. நிறம் எப்போது பார்ப்பீர்கள்? வேலை தொடங்குவதற்கு முன்னால், ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். வாயைத் திறந்து வைத்துப் பல் காய்ந்துவிட்டால் இருப்பதைவிட வெள்ளையாகத் தெரியும், தப்பான நிறம் வந்துவிடும்.

4. செய்வது எந்த லேப்? பொருளின் பெயர் போட்ட அட்டை தருவார்களா?

5. தூக்கத்தில் பல்லை நறநறக்கும் பழக்கம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரவில் போட்டுக்கொள்ள ஒரு கவசம் தருவார்கள்.

6. லீவு பத்து நாள்தான் என்றால் முதல் நாளே போங்கள். கடைசி இரண்டு நாள் கடித்துப் பார்க்க மிச்சம் இருக்கட்டும். உயரமாகக் கடிக்கிற கேப்போடு ஃபிளைட் ஏறினால், சரிசெய்ய அடுத்த லீவுவரை காத்திருக்க வேண்டும்.

நாலாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. டிரெட்டி பஜார்ப் பட்டறையில் பல்லைச் சீவியதும் பல்லைச் செய்ததும் ஒரே கை. தப்பென்றால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். அகமதுவின் காலேஜ் கொண்டுவந்த படிப்பில் அறிவு கூடியது, சுத்தம் கூடியது, சட்டப்படி பொறுப்பும் கூடியது. ஆனால் தொழில் வளர வளர, நாற்காலி ஒரு இடத்திலும் பட்டறை வேறு இடத்திலும் ஆகிவிட்டன. நம்ம வாயில் உட்காரப் போகிற கேப்பைச் செய்கிற டெக்னீஷியனை நாம் பார்ப்பதே இல்லை. அவரும் நம்ம சிரிப்பைப் பார்ப்பதில்லை. டாக்டர் அனுப்பும் அளவும் குறிப்பும்தான் இருவருக்கும் நடுவில் ஒரே பாலம். அந்தக் குறிப்பை அக்கறையோடு எழுதுகிற டாக்டர், சரியாக உட்காராத கேப்பைக் கூச்சப்படாமல் திருப்பி அனுப்புகிற டாக்டர் கிடைத்துவிட்டால், எந்தப் பொருள் என்பது இரண்டாவது கேள்விதான்.

வாரண்டி கார்டையும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அந்தக் கார்டு பெரும்பாலும் கேப் உடைந்தால் வேறு கேப் என்று சொல்லும். ஜிர்கோனியாவுக்குச் சொத்தை வராது, ஆனால் அது உட்கார்ந்திருக்கும் ஓரத்தில் நம்ம சொந்தப் பல்லுக்கு வரும். அந்த ஓரத்தை ராத்திரி படுக்கும் முன் தேய்க்க வேண்டியது நாம்தான். பாஸ்டனில் ஏழைக் குழந்தைகளின் பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றிய ஒரு மனுஷன், சோடா விற்றாவது இங்கே ஒரு காலேஜ் நடத்த வேண்டும் என்று கப்பல் ஏறி வந்ததும் இருக்கிற பல்லைக் காப்பாற்றத்தானே. பிள்ளைகளின் பல்லை இப்போதே ஒழுங்காகக் காட்டி வாருங்கள். நாலு பெயர், நாலு விலை என்ற அந்தக் கேள்வியே அவர்களுக்கு வராமல் போகட்டும்.